பச்சிளங்குழந்தையின் குடல் அடைப்பும் ஒற்றைக் காரணம் என்னும் பிழையும்

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்து, வயிறு உப்பி, முதல் மலம் கழியாத நிலையில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசெல்லப்படும்போது, "குடல் கருவிலேயே சரியாக உருவாகவில்லை" என்ற ஒற்றை வாக்கியமே பெரும்பாலும் அதற்குரிய விளக்கமாகத் தரப்படுகிறது. மருத்துவர் அதைச் சுருக்கம் கருதிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது வீட்டை எட்டியதும், கருத்தரித்த முதல் மூன்று மாதங்களில் தாய் என்ன தின்றாள், என்ன மாத்திரை விழுங்கினாள், கிரகண வேளையில் வெளியே வந்தாளா, மணம் உறவுக்குள் நடந்ததா என்று விசாரணையாக விரிந்துவிடுகிறது. கிரகணத்தைப் பேசும் பாட்டியும் மரபணுவைப் பேசும் பட்டதாரியும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடினாலும், இருவருடைய எண்ணமும் ஒரே அடித்தளத்தின்மீதுதான் நிற்கிறது: குடல் தோன்றும் தொடக்க வாரங்களிலேயே தவறு நேர்ந்துவிட்டது, அத்தவறு பெற்றோரின் உடலிலோ நடத்தையிலோ இருந்து வந்தது என்பதே அது. அந்த அடித்தளம் முன்சிறுகுடலைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. குடலின் பிற பகுதிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொய். குழந்தையின் உயிரைக் காப்பதைப் பொறுத்தவரை ஆபத்தானது.

இக்கருத்து அறியாமையில் பிறந்ததாகச் சொல்லிவிட முடியாது. நல்லதோர் ஆய்வை அதன் எல்லையைத் தாண்டி இழுத்துச் சென்றதில் விளைந்தது அது. வியன்னாவின் உடற்கூற்றியல் அறிஞர் யூலியஸ் டாண்ட்லர், இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலை மனிதக் கருக்களில் ஆராய்ந்து 1900இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கருவின் தொடக்க வாரங்களில் முன்சிறுகுடலின் உட்சுவர் அணுக்கள் பெருகிக் குழாயின் உள்வழியை அடைத்துவிடுகின்றன என்றும், சில வாரங்களில் அந்த அடைப்புக்குள் சிறுசிறு குழிகள் தோன்றி ஒன்றோடொன்று கலந்து மீண்டும் வழி திறக்கிறது என்றும் அவர் கண்டார். அவ்வாறு திறக்கத் தவறினால் குழாய் மூடியே இருக்கும். குடலின் உள்வழி முற்றிலும் அற்றுப்போன அந்நிலையைத்தான் மருத்துவம் அட்ரீசியா என்கிறது. (பின்னாளில் வியன்னா நகராட்சியின் நலத்துறைக்குப் பொறுப்பேற்று, நகரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இலவசத் துணிமணிப் பொதி வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே டாண்ட்லர்தான், அறிவியல் வரலாற்றைக் காட்டிலும் அந்நகரத்தின் நினைவில் அவர் நிற்பது அதனால்தான்.) அவர் கண்டது முன்சிறுகுடலில். அவருக்குப் பின் வந்தவர்களோ, அதே விளக்கத்தைக் குடல் முழுவதற்கும் நீட்டினர். சிறுகுடலின் நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் அப்படியோர் அடைபடும் கட்டம் தெளிவாகக் காணப்படாதபோதும், விளக்கம் எளிமையாக இருந்ததால் அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அந்த விளக்கத்துக்கு எதிரான சான்று, வேறெங்கும் தேட வேண்டாதபடி, அடைபட்ட குடலுக்குள்ளேயே கிடந்தது. கருவின் கல்லீரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்குள் வந்து சேர்வது ஏறத்தாழப் பதினோராம், பன்னிரண்டாம் வாரங்களில். கரு பனிக்குட நீரை விழுங்கத் தொடங்குவதும் அக்காலத்தை ஒட்டியே. கருவின் தோலில் பூனைமயிர் முளைப்பதும், அது உதிர்ந்து தோலணுக்களோடு பனிக்குட நீரில் கலந்து கருவின் வாய்வழியே உள்ளே செல்வதும் அதற்கும் பிந்தியவை. சிறுகுடல் நடுவில் அறுந்து கிடக்கும் குழந்தைகளை அறுவை செய்தபோது, அடைப்புக்கு மேலே மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள குடலிலும் பித்தநீரின் பச்சை நிறமும் தோலணுக்களும் பூனைமயிரும் காணப்பட்டன. வழி தொடக்கத்திலிருந்தே மூடியிருந்தால் இவை அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதாவது, அந்தக் குடல் ஒழுங்காக உருவாகி, திறந்து, பல வாரங்கள் வேலையும் செய்த பிறகே அறுபட்டிருக்கிறது. இன்னொரு தடயமும் இருந்தது. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைத்து அதற்குரிய ரத்தக் குழாய்களைத் தாங்கிவரும் சவ்வில், அறுபட்ட இடத்துக்கு நேராக, ஆப்பு வடிவில் ஒரு துண்டு காணாமற் போயிருந்தது. குழாயின் உள்வழி திறக்கத் தவறியதுதான் காரணம் என்றால், குழாய்க்கு வெளியே இருக்கும் சவ்வு ஏன் அழிய வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய விளக்கத்தில் விடை இல்லை.

விடை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து வந்தது. அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஜே. எச். லோவ், குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் கருப்பைக்குள்ளேயே நெரிபட்டோ அடைபட்டோ போனால், அப்பகுதிக் குடல் செத்து, கரைந்து, உறிஞ்சப்பட்டுவிடும் என்று கருதினார். கருப்பைக்குள் கிருமிகள் இல்லை என்பதால் செத்த திசு அழுகிச் சீழ் பிடிக்காமல் சுவடின்றி மறைந்துவிடும். எஞ்சுவது இரண்டு மூடிய முனைகளும் அவற்றுக்கு இடையில் ஒரு வெற்றிடமுமே. இதைச் சோதிக்கும் பணியை அவர் கிறிஸ்டியான் பர்னார்ட் என்னும் இளம் மருத்துவரிடம் ஒப்படைத்தார். பர்னார்ட் சினையுற்ற நாய்களின் கருப்பையைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டியின் குடலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டு, குட்டியை மீண்டும் உள்ளே வைத்துத் தைத்தார். தாய் நாய்கள் கருச்சிதைவுற்றும் குட்டிகள் இறந்தும் பலமுறை தோல்வி கண்ட பிறகு, உயிரோடு பிறந்த குட்டிகளின் வயிற்றில் மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் அதே அறுபட்ட குடலை, அதே ஆப்பு வடிவ இழப்போடு அவர் காட்டினார். 1955இல் லான்செட் இதழில் இருவரும் வெளியிட்ட கட்டுரை அரை நூற்றாண்டுப் பாடத்தைத் திருத்தியது. 1967 டிசம்பரில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்து புகழ்பெற்றவர் அதே பர்னார்ட்தான் என்பதைப் பலர் அறிவர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த இந்த வேலையே, ஓசையில்லாமல், எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது என்று சொன்னால் மிகையாகாது.

எப்படிக் காத்தது என்பதை விளக்காமல் விட்டால், காரணம் பற்றிய இந்தச் சர்ச்சை வெறும் ஏட்டுச் சண்டையாகத் தோன்றும். உருவாகும்போதே வழி திறக்கவில்லை என்று நம்பிய அறுவையாளர், இரு முனைகளையும் இணைத்து வழி உண்டாக்கினால் போதும் என்று எண்ணினார். குழந்தைகளோ இணைத்த பிறகும் இறந்தன. ரத்தம் இழந்ததே காரணம் என்றால், அறுபட்ட முனையை ஒட்டிய, பருத்து வீங்கிய குடற்பகுதியும் நலிந்ததாகவே இருக்க வேண்டும். அது உணவை முன்தள்ளாது. ஆகவே அப்பகுதியையும் தாராளமாக வெட்டி நீக்கிவிட்டு, நல்ல குடலை நல்ல குடலோடு இணைக்க வேண்டும் என்பது லோவ் வகுத்த முறை. பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நோயில் பெரும்பாலோர் பிழைக்கத் தொடங்கியது இந்த மாற்றத்தோடுதான். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் கையில் கத்தி சரியான இடத்தில் இறங்கவில்லை.

நாய்க்குட்டிகளில் நிறுவியது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, யாரும் விரும்பாத ஒரு சான்று பின்னர் கிடைத்தது. இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் பெண்களிடம் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும்போது, இரண்டு பனிக்குடங்களையும் வேறுபடுத்தி அறிய ஒன்றில் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. அச்சாயம் கலந்த பனிக்குடத்தில் வளர்ந்த குழந்தைகளில் கணிசமானோர் சிறுகுடல் அறுபட்ட நிலையில் பிறந்தனர் என்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்து, அவ்வழக்கம் கைவிடப்பட்டது. ஊசி போடப்பட்டது நான்காம் மாத அளவில். குடல் உருவாகி வாரங்கள் பல கடந்த பின். அக்குழந்தைகளின் தாய்மார் எதைத் தின்றார்கள் என்று ஆராய்ந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? குற்றம் இருந்தது மருத்துவரின் ஊசியில். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் சில பொருள்கள், அவற்றுள் கொக்கெய்ன் போன்ற போதைப்பொருள்களும் மூக்கடைப்பு நீக்கும் சில மாத்திரைகளும் புகையிலையும், இந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்டிருப்பதும் ரத்த ஓட்டக் கொள்கைக்கு வலுச் சேர்ப்பதே. ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் தாய்மார் இவற்றுள் எதையும் தொட்டவர்கள் அல்லர். குடல் கருப்பைக்குள்ளேயே தன்னைச் சுற்றி முறுக்கிக்கொள்வதோ, ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதோ, வயிற்றுச் சுவரிலுள்ள ஓட்டை வழியே வெளிவந்த குடல் அவ்வோட்டையின் விளிம்பில் நெரிபடுவதோ போதும்; அறுவையின்போது இவற்றின் அடையாளங்கள் பலமுறை நேரில் காணப்பட்டிருக்கின்றன.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அணுக்களின் வளர்ச்சியை இயக்கும் சில மரபணுக்களை நீக்கிய சுண்டெலிகளில், ரத்தக் குழாய்க்கு எந்தச் சேதமும் இல்லாமலே முன்சிறுகுடலும் பெருங்குடலும் அடைபட்டுப் பிறப்பது காட்டப்பட்டுள்ளது. முன்சிறுகுடல் அடைப்போடு பிறக்கும் மனிதக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறித்தொகுப்பும் இருக்கிறது. இதயக் குறைகளும் சேர்ந்து வருகின்றன. சிறுகுடலின் எஞ்சிய பகுதியில் நேரும் அறுபடலிலோ குரோமோசோம் கோளாறு மிக அரிது. ஆகவே முன்சிறுகுடலைப் பொறுத்தவரை டாண்ட்லரின் விளக்கம் இன்றும் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒப்புதலால் பொதுக்கருத்துக்கு என்ன ஆதாயம்? ஒரே குழாயில், சில அங்குல இடைவெளியில், ஓர் அடைப்பு ஐந்தாறாம் வாரக் கதையாகவும் அடுத்தது ஐந்தாறாம் மாதக் கதையாகவும் இருக்கின்றன என்றால், "குடல் உருவாகவில்லை" என்ற ஒற்றை விளக்கம் அங்கேயே உடைகிறது. டவுன் நோய்க்குறித்தொகுப்பும் பெரும்பாலும் கருமுட்டை பிரியும்போது தற்செயலாக நேர்வது. தாயின் வயதோடு அதற்குத் தொடர்புண்டே தவிர, உணவோடோ நடத்தையோடோ இல்லை.

உறவுத் திருமணத்தைக் காரணம் காட்டும் வாதம் தமிழ்நாட்டில் தனிக் கவனம் பெற வேண்டியது. தாய்மாமனுக்கு அக்காள் மகளையும், அத்தை மகனுக்கு மாமன் மகளையும் மணமுடிக்கும் வழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதால், குழந்தைக்கு வரும் எந்தக் குறைக்கும் அதையே முதற்காரணமாகச் சொல்வது படித்தவர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதுபட்ட மரபணுப் படி இருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்து சேரும்போது மட்டும் வெளிப்படும் நோய்களில் உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. குடலில் பல இடங்களில் அடைப்பு ஏற்பட்டு, நோயெதிர்ப்பும் குன்றிப் பிறக்கும் மிக அரிய குடும்பநோய் அத்தகையது; டிடிசி7ஏ என்னும் மரபணுவே அதற்குப் பொறுப்பு என்று 2013இல் கண்டறியப்பட்டது. குடலின் முதல் மலம் பிசின்போல் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும் மெக்கோனியம் இலியஸ் என்ற நோயும் பெரும்பாலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோயின் முதல் வெளிப்பாடு. அது ஐரோப்பிய வழியினரிடையே மிகுதி. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1905இலேயே இவ்வாறு இறுகிய மலத்தையும் கணையத்தின் கோளாறையும் சேர்த்துப் பார்த்திருந்தார். அடிப்படை மரபணு 1989இல்தான் கிடைத்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் சிறுகுடல் அறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் அந்தக் குடும்பத்தில் தனி நேர்வுகள். உறவில் மணந்தவர்களுக்கும் அயலில் மணந்தவர்களுக்கும் பிறக்கிறார்கள். உறவுத் திருமணத்தை எதிர்க்க நல்ல காரணங்கள் நிறைய இருக்கும்போது, பொருந்தாத நோயை அதன் தலையில் ஏற்றுவது அந்த எதிர்ப்பையே நம்பத்தகாததாக ஆக்குகிறது.

காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவது எவ்வளவு காலம் நீடிக்கக்கூடும் என்பதற்கு ஹிர்ஷ்ப்ருங் நோயின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. கோபன்ஹேகனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங், மலம் கழியாமல் வயிறு பெருத்து இறந்த இரு குழந்தைகளைப் பற்றி 1886இல் பெர்லினில் எடுத்துரைத்தார். அவர்களுடைய பெருங்குடல் அளவுக்கு மீறிப் பருத்துத் தடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது பருத்த பகுதி. ஆகவே நோய் பருத்த பகுதியில்தான் இருக்கிறது என்று மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. பருத்த குடலை வெட்டினார்கள், அதற்குச் செல்லும் நரம்புகளை அறுத்தார்கள், நோய் திரும்பியது. அதற்குக் கீழே, பார்வைக்கு முற்றிலும் இயல்பாகத் தோன்றும் சுருங்கிய பகுதியில்தான் கோளாறு என்று பாஸ்டனில் ஆர்வார் ஸ்வென்சனும் அலெக்சாண்டர் பில்லும் 1948இல் நிறுவி, அச்சுருங்கிய பகுதியை நீக்கி மேற்குடலை ஆசனவாய்க்கு இழுத்து இணைத்தனர். குடலை அசைக்கும் நரம்பணுக்கள் கருவில் மேலிருந்து கீழ்நோக்கிப் பயணம் செய்து குடல் முழுவதும் குடியேறுகின்றன. அப்பயணம் பாதியில் நின்றுபோனால், அதற்குக் கீழுள்ள குடல் திறந்த வழியோடு இருந்தும் தளர மறுத்து அடைப்பாகிறது. ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக வரும் இந்நோயில், குழாயின் வடிவத்தில் எந்தக் குறையும் இல்லை. நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முதல் 24 மணி நேரத்துக்குள், ஏறக்குறைய அனைவரும் 48 மணி நேரத்துக்குள், ஊர்வழக்கில் காட்டுப்பீ எனப்படும் கரும்பச்சை முதல் மலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அது தாமதப்படுவதே இந்நோயின் முதல் அறிகுறி. "சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் போகும்" என்ற ஆறுதல் மொழியில் அந்த அறிகுறி கரைந்துபோவது இன்றும் நடக்கிறது.

உயிருக்கு மிக விரைவாக உலை வைப்பது வேறொன்று. கருவின் ஆறாம் வாரத்தில் குடல் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் தள்ளப்பட்டு, அங்கே சுழன்று, பத்தாம் வாரத்தை ஒட்டி வயிற்றுக்குள் திரும்பி, மொத்தம் 270 பாகை திரும்பிய நிலையில் அகலமாக நிலைகொள்கிறது. இந்தச் சுழற்சி முழுமையடையாவிட்டால் குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்கும். குடல் முழுமையாக இருக்கிறது, வழி திறந்திருக்கிறது, பால் இறங்குகிறது. பல குழந்தைகள் பிறந்து சில நாள்கள் எந்தக் குறையுமின்றி இருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் அந்தக் காம்பு முறுக்கிக்கொள்கிறது, சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் நின்றுபோகிறது, சில மணி நேரத்தில் குடல் கறுத்துச் சாகத் தொடங்குகிறது. பாஸ்டனின் வில்லியம் லாட் 1936இல் விவரித்த அறுவை, முறுக்கை அவிழ்த்துக் காம்பை அகலப்படுத்துவது, இன்றும் அடிப்படையில் மாறவில்லை, எளியதும்கூட. தாமதமாக வந்தால் அவிழ்ப்பதற்கு உயிருள்ள குடல் இருக்காது, அவ்வளவே.

இங்கேதான் பொதுக்கருத்தின் கேடு முழுதாக வெளிப்படுகிறது. "பிறவியிலேயே குறை இருந்தால் பிறந்தவுடனே தெரிந்திருக்குமே, நான்கு நாள் நன்றாகத்தானே பால் குடித்தது" என்ற வாதம், குடல் அடைப்பு என்பது உருவாக்கத்தின் குறை என்ற நம்பிக்கையின் நேர் விளைவு. நான்கு நாள் நன்றாக இருந்த குழந்தைக்கு உரம் விழுந்திருக்கும் என்று துணியில் போட்டு உருட்டுவதும், குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டுவதும், தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வதும் அந்த வாதத்திலிருந்தே கிளம்புகின்றன. இம்முறைகள் பெரும்பாலான நாள்களில் தீங்கற்றவையாகத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலான குழந்தைகளின் வாந்தி தானே நின்றுவிடும் பால்கக்கல் என்பதே. பச்சை வாந்தி அவ்வகையைச் சேர்ந்ததன்று. பித்தநீர் முன்சிறுகுடலில் கலக்கும் இடத்துக்குக் கீழே வழி அடைபட்டிருக்கலாம் என்பதன் அடையாளம் அது. பிறந்து சில வாரங்களுக்குள் வரும் பச்சை வாந்தியைக் குடல் முறுக்கு இல்லை என்று படம் எடுத்து உறுதிசெய்யும் வரை அவசரமாகவே கொள்ள வேண்டும் என்பதில் குழந்தை அறுவையாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. "பித்த வாந்தி, வெயில் சூடு" என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதித்தரும் மருத்துவரும் தொக்கம் எடுப்பவரும் இந்த இடத்தில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். முன்னவர் படித்தும் செய்கிறார்.

குடலில் எந்த உறுப்புக் குறையும் இல்லாமல் அடைப்பின் தோற்றம் மட்டும் வருவதும் உண்டு. ரத்தத்தில் கிருமித் தொற்று, தைராய்டு சுரப்பின் குறைவு, பேறுகால ரத்தக் கொதிப்புக்காகத் தாய்க்குச் செலுத்தப்பட்ட மெக்னீசியம், குறைமாதக் குழந்தையின் முதிராத குடலசைவு ஆகியவை குடலைச் சோர்வடையச் செய்யும். பெருங்குடலின் இடப்பக்கம் மட்டும் தற்காலிகமாகச் சிறுத்துக் காணப்படும் நிலையில் உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேரின் தாய்மாருக்கு நீரிழிவு இருக்கிறது; இவர்களுக்கு அறுவையே தேவைப்படாமல், எனிமா கொடுத்துக் காத்திருந்தால் சரியாகிவிடும். இத்தகைய குழந்தையையும் "குடல் உருவாகாத" குழந்தை என்று வகைப்படுத்தினால், தேவையில்லாத அறுவைக்கு அது வழிவகுக்கும்.

அண்மைக் காலத்தில் இதே நம்பிக்கை புதிய வடிவம் ஒன்றை எடுத்திருக்கிறது. கருவின் உறுப்புகளைப் பார்ப்பதற்காக ஐந்தாம் மாதத்தை ஒட்டி எடுக்கப்படும் ஸ்கேனில் எல்லாம் இயல்பு என்று எழுதப்பட்ட குழந்தை குடல் அடைப்போடு பிறந்தால், ஸ்கேன் எடுத்தவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று குடும்பத்தார் சினம் கொள்கிறார்கள், வழக்குக்கும் போகிறார்கள். உருவாகும்போதே குறை என்று நம்பினால் அந்தச் சினம் நியாயமானதே: முதல் மூன்று மாதத்தில் நேர்ந்த குறை ஐந்தாம் மாதப் படத்தில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் முன்சிறுகுடல் அடைப்பின் அடையாளமான, இரைப்பையும் முன்சிறுகுடலும் நீர் நிறைந்து இரட்டைக் குமிழாகத் தெரியும் தோற்றம்கூடப் பல கருக்களில் ஐந்தாம் மாதம் கடந்த பிறகே தெளிவடைகிறது. சிறுகுடல் அறுபட்டிருப்பதைக் காட்டும் பருத்த குடல் வளைவுகளும், விழுங்கிய நீர் உறிஞ்சப்பட வழியின்றிப் பனிக்குடத்தில் மிகுவதும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் தோன்றுபவை. குடலின் சுழற்சிக் குறை முறுக்கிக்கொள்ளாதவரை படத்தில் அரிதாகவே தெரியும். ஹிர்ஷ்ப்ருங் நோயை உறுதிசெய்யப் பிறந்த குழந்தையின் மலக்குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஐந்தாம் மாத அறிக்கையில் இயல்பு என்று எழுதிய கை பல வேளைகளில் உண்மையையே எழுதியிருக்கிறது. பனிக்குட நீர் மிகுந்தபோதோ குடல் வளைவுகள் பருத்துத் தெரிந்தபோதோ எட்டாம் மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கப்பட்டதா, குழந்தை அறுவை வசதியுள்ள இடத்தில் பேறு பார்க்க ஏற்பாடு நடந்ததா என்பவையே மருத்துவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.